பொழுதே விடியாத ஊரில் பொழுதுபோக்கு

தமிழில் பொழுது என்றால் நேரம். பொழுது என்றால் சூரியனும்தான். பொழுது விடிகிறது, பொழுது உச்சிக்கு வருகிறது, பொழுது சாய்கிறது என்றெல்லாம் சொல்லிவிட்டு, நேரத்தைக் கழிப்பதற்கும் அதே சொல்லை வைத்துப் பொழுதுபோக்கு என்கிறோம். வெயில் ஊரில் வளர்ந்த மொழிக்கு இது சரி. பின்லாந்தின் வடகோடியில் உத்ஸ்யோக்கி என்று ஒரு ஊர் இருக்கிறது. அங்கே நவம்பர் கடைசி வாரத்தில் மறைகிற சூரியன் ஜனவரி நடுவில்தான் மறுபடி தலைகாட்டும். சுமார் 50 நாள் பொழுது விடிவதே இல்லை. ஆனாலும் பள்ளிக்கூடம் நடக்கிறது, கடை திறக்கிறது, மனிதர்கள் எப்படியோ பொழுதைப் போக்குகிறார்கள்.

இந்த 50 நாளுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் காமோஸ். வடக்கே வாழும் சாமி என்ற பழங்குடி மக்களின் மொழியிலிருந்து, பின்லாந்தின் மொழியான பின்னிய மொழிக்கு வந்த சொல் அது. அமாவாசை இரவு ஒன்று இழுத்துக்கொண்டே போவதாகக் கற்பனை செய்ய வேண்டாம். சூரியன் அடிவானத்துக்குக் கொஞ்சம் கீழேதான் இருக்கும். அதனால் நடுப்பகலில் சில மணி நேரம், நம் ஊரில் விடியற்காலை ஐந்தரை மணிக்கு இருக்குமே, அந்த மாதிரி ஒரு நீல வெளிச்சம் பரவும். தரையில் கிடக்கும் பனி அந்த நீலத்தை வாங்கித் திருப்பித் தரும். அப்புறம் மறுபடி இருட்டு.

சுமார் 56 லட்சம் பேர் வாழும் நாட்டில் பெரும்பாலோர் இருப்பது தெற்கே. அங்கே நிலைமை அவ்வளவு மோசமில்லை என்று சொல்லலாம், ஆனால் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. டிசம்பர் 21 அன்று தலைநகர் ஹெல்சின்கியில் சூரியன் உதிப்பது காலை 9.24 வாக்கில். மறைவது பிற்பகல் 3.12 வாக்கில். உச்சிவேளையிலும் அது தூரத்துப் பனைமரத்தின் கொண்டை அளவுக்குத்தான் ஏறும். மேகம் மூடியிருந்தால் அதுவும் தெரியாது. வேலைக்குப் போகும்போது இருட்டு, திரும்பும்போது இருட்டு. ஜன்னல் இல்லாத அறையில் வேலை என்றால் வெள்ளிக்கிழமை வரை சூரியனைப் பார்க்காமலே ஒரு வாரம் ஓடிவிடும்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் குளிரைத்தான் முதலில் கேட்பார்கள். மைனஸ் 20 டிகிரியா, ஐயோ என்பார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அது பெரிய விஷயமாகத் தெரிவதில்லை. வீட்டு ஜன்னலுக்கு மூன்று அடுக்குக் கண்ணாடி. நகரங்களில் மின்நிலையத்தில் சூடாக்கிய வெந்நீர் குழாய் வழியாகவே வீடு வீடாக வந்து, அறையை 21 டிகிரியில் வைத்திருக்கும். உள்ளே டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கார் நிறுத்தும் இடத்தில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு மின்கம்பம் இருக்கும். இரவே ஒயரைச் செருகி நேரம் குறித்து வைத்தால், காலையில் இன்ஜின் சூடாகித் தயாராக நிற்கும். குளிருக்குக் கம்பளி உண்டு, இருட்டுக்கு எந்தக் கம்பளியைப் போர்த்துவது?

நாம் பனிக்காலத்தை முன்பனி, பின்பனி என்று இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறோம். நமக்கு அது இன்றைக்கு வெறும் பஞ்சாங்கக் கணக்கு. பின்லாந்தின் குளிர்காலத்தைப் புரிந்துகொள்ள அந்தப் பிரிவு அப்படியே உதவும். அங்கே உண்மையில் இரண்டு குளிர்காலங்கள் இருக்கின்றன. அக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி நடுவரை கறுப்புக் குளிர்காலம். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை வெள்ளைக் குளிர்காலம். வெள்ளைக்குத் தனிப் பெயரே உண்டு: கெவத்தால்வி, அதாவது வசந்தக் குளிர்காலம். இரண்டாவதில் குளிர் குறைந்துவிடுவதில்லை, பல வருடங்களில் பிப்ரவரிதான் ஆகக் குளிர்ந்த மாதம். ஆனால் வெளிச்சம் வந்துவிடுகிறது. இரண்டு குளிர்காலங்களுக்கும் பொழுதுபோக்குகள் வேறு வேறு. இது தெரியாமல் நவம்பரில் சுற்றுலா போய், பனிமனிதன் செய்யலாம் என்று நினைத்தவர்கள் குடையோடு திரும்பி வருகிறார்கள்.

நவம்பருக்குப் பின்னிய மொழியில் மர்ராஸ்கூ என்று பெயர். மர்ராஸ் என்றால் சாவு. அக்டோபர், சேற்று மாதம். பிப்ரவரி மட்டும் முத்து மாதம். மரக்கிளைகளில் உருகி மறுபடி உறைந்த நீர்த்துளிகளைப் பார்த்து வைத்த பெயர் என்கிறார்கள். பெயர் வைத்தவர்கள் விவரமானவர்கள். நவம்பர் மழை இரண்டு டிகிரியில் பெய்யும், பனியாகவும் மாறாது, நிற்கவும் நிற்காது. இலை உதிர்ந்த மரமும் ஈரத் தாரும் இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் விழுங்கிவிடும். புதிதாக விழுந்த பனி தன்மேல் படும் ஒளியில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பக்கூடியது. தெருவிளக்கு அதேதான், நிலா அதேதான். முதல் பனி விழுந்த இரவில் ஊரே யாரோ வெள்ளையடித்துவிட்டுப் போன வீடு மாதிரி வெளுத்திருக்கும். அன்றைக்கு எல்லோரும் சற்று உரக்கப் பேசுகிறார்கள் என்று தோன்றும். கற்பனையாகவும் இருக்கலாம்.

அதுவரைக்கும் பாதசாரிகள் காருக்குத் தெரிய வேண்டுமே. கறுப்புக் கோட்டு போட்டு, கறுப்புச் சாலையில் நடக்கிறவர் ஓட்டுநர் கண்ணுக்குப் படுவதற்குள் காரியம் முடிந்துவிடும். அதற்காகக் கோட்டுப் பையிலிருந்து நூலில் ஒரு பிளாஸ்டிக் வில்லை தொங்கவிடுகிறார்கள். கார் விளக்கு பட்டதும் அது பளிச்சென்று மின்னும். 1950களில் அர்வி லெஹ்தி என்பவர் குதிரை வண்டிகளுக்காகச் செய்யத் தொடங்கியது, பிறகு மனிதர்களின் கோட்டுக்கு இடம் மாறியது. இருட்டில் சாலையில் நடப்பவர் இதை அணிய வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. பனிப்பூ, ஆந்தை, கரடி என்று பல வடிவங்களில் கிடைக்கும். வங்கியும் நூலகமும் இலவசமாகத் தரும். குழந்தைகள் இதைச் சேகரிக்கிறார்கள். உயிர்காக்கும் சாதனம் ஒன்று கீச்செயின் மாதிரி விளையாட்டுப் பொருளாகிவிட்டது.

வெளிச்சம் குறைந்தால் உடம்புக்கு என்ன ஆகிறது என்பதும் ஓரளவு தெரிந்த கதைதான். கண்ணில் விழும் காலை வெளிச்சம்தான் மூளையில் இருக்கும் கடிகாரத்தைத் திருத்துகிறது. அது வராவிட்டால் தூக்கத்துக்கான மெலட்டோனின் சுரப்பு நேரம் தவறும். தூக்கம் தூக்கமாக வரும், இனிப்பு கேட்கும், எதிலும் பிடிப்பு இருக்காது. பருவம் சார்ந்த இந்த மனச்சோர்வை 1984-இல் மருத்துவ உலகுக்கு விவரித்தவர் நார்மன் ரோசென்தால். வெயில் நாடான தென்னாப்பிரிக்காவிலிருந்து அமெரிக்காவுக்குப் போய், தன் உடம்பிலேயே இதைக் கவனித்தவர். பின்லாந்தில் பல வீடுகளில் காலைச் சாப்பாட்டு மேசையில் 10,000 லக்ஸ் விளக்கு ஒன்று இருக்கும் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு). அரைமணி நேரம் அதன் முன்னால் உட்கார்ந்து காபி குடிப்பார்கள். அலுவலக விளக்கு 500 லக்ஸ்தான் என்றால் வித்தியாசம் புரியும். தோல் வைட்டமின் டி தயாரிக்கும் அளவுக்கு வெயில் அக்டோபரிலிருந்து மார்ச் வரை கிடைக்காது என்பதால் 2003 முதல் பாலிலேயே அதைச் சேர்த்துவிட்டார்கள்.

சரி, விளக்கும் வைட்டமினும் மருந்து. மருந்தால் மூன்று மாதத்தைத் தள்ள முடியாது. கறுப்புக் குளிர்காலத்தைத் தள்ளுவதற்குப் பின்லாந்து செய்திருக்கும் முக்கியமான ஏற்பாடு காலண்டரில் இருக்கிறது என்பது என் எண்ணம். இரண்டு வாரத்துக்கு ஒன்றாவது எதிர்பார்க்க ஏதோ ஒன்று வைத்திருக்கிறார்கள். பெரிய திருவிழாவாக இருக்க வேண்டியதில்லை; ஒரு பன் போதும்.

டிசம்பர் 6 சுதந்திர தினம், 1917-இல் ரஷ்யாவிடமிருந்து பிரிந்த நாள். மாலையில் வீட்டு ஜன்னலில் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றி வைப்பார்கள். அப்புறம் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். அதிபர் மாளிகையில் விருந்து. விருந்தினர்கள் வரிசையில் வந்து அதிபர் தம்பதியோடு கைகுலுக்குவார்கள். இதுதான் நிகழ்ச்சி. மணிக்கணக்கில் கைகுலுக்கல். இதை 20 லட்சம் பேருக்கு மேல் பார்க்கிறார்கள். யார் என்ன உடை, அந்தத் துணி நன்றாக இல்லை, இவர் ஏன் இவ்வளவு மெலிந்துவிட்டார் என்று சோபாவில் உட்கார்ந்து விமர்சனம் செய்வதுதான் சுகம். கல்யாண வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வருகிறவர் போகிறவரைப் பார்க்கும் நம் பெரியம்மாக்களுக்கு இந்த நிகழ்ச்சி மிகவும் பிடிக்கும்.

டிசம்பர் 24 நண்பகலில் துர்க்கு நகரத்தில் ஒரு மாளிகையின் பால்கனியிலிருந்து கிறிஸ்துமஸ் அமைதியை அறிவிப்பார்கள். இடைக்காலத்திலிருந்து வரும் வழக்கம், இன்று நேரலையாக வீடுகளுக்கு வருகிறது. அன்று மாலை குடும்பம் குடும்பமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் விளக்கு ஏற்றுகிறார்கள். பனி மூடிய இடத்தில் ஆயிரக்கணக்கான சிறு சுடர்கள், பேச்சே இல்லாத கூட்டம். அந்தக் குளிர்காலத்தில் ஒரே ஒரு மாலையைத்தான் பார்க்க முடியும் என்றால் நான் அதைத்தான் சொல்வேன். புத்தாண்டு இரவில் சிறு குதிரைலாட வடிவ உலோகத்தைக் கரண்டியில் உருக்கித் தண்ணீர் வாளியில் கொட்டி, உறைந்த உருவத்தின் நிழலைச் சுவரில் பார்த்து ஆரூடம் சொல்வார்கள். கப்பல் மாதிரி இருந்தால் பயணம். முத்து முத்தாக இருந்தால் பணம். அந்த உலோகத்தில் ஈயம் இருந்ததால் 2018-இல் ஐரோப்பிய விதிகள் அதன் விற்பனையை நிறுத்தின. இப்போது ஈயம் இல்லாத தகரம், தேன்மெழுகு என்று சமாளிக்கிறார்கள். ஜனவரி பிறந்ததும் கடைகளில் ரூனெபெரி கேக் வந்துவிடும். நாட்டின் தேசியக் கவிஞர் ரூனெபெரியின் பிறந்தநாள் பிப்ரவரி 5. உருளையான பாதாம் கேக், தலையில் ராஸ்பெரி ஜாம், சுற்றிலும் சர்க்கரை வளையம். அந்த நாளோடு அது கடையிலிருந்து காணாமல் போய்விடும். உடனே அடுத்ததாக, தவக்காலத்துக்கு முந்தைய பன் வரும். அதன் நடுவில் வைப்பது பாதாம் விழுதா, ஜாமா என்பதில் வருடா வருடம் நாடே இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கும். ஒரு தேசம் பிப்ரவரியில் சண்டை போட இதைவிட நல்ல விஷயம் கிடைக்காது.

வீட்டுக்குள் நடப்பவை எல்லாம் சாதாரணம்: கம்பளிக் காலுறை பின்னுதல், ஆயிரம் துண்டுப் புதிர்ப்படம், குறுக்கெழுத்துப் புத்தகம், சீட்டு. 1951-இல் வெளிவந்த ஒரு பலகை விளையாட்டு இன்றும் பல வீடுகளில் இருக்கிறது. ஆப்பிரிக்கா முழுக்கச் சுற்றி ஒரு வைரத்தைத் தேட வேண்டும். வெளியே மைனஸ் 15, உள்ளே குழந்தைகள் சகாராவைக் கடந்துகொண்டிருப்பார்கள்.

எனக்குப் பிடித்தது பனிவிளக்கு. காசு செலவில்லாத விளையாட்டு. ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பி இரவு வாசலில் வைத்துவிட வேண்டும். மைனஸ் 10 டிகிரி அளவுக்குக் குளிர் இருந்தால் நல்லது. குளிர் வெளியிலிருந்து உள்ளே வருவதால் வாளியின் ஓரமும் மேல்பரப்பும் முதலில் உறையும், நடுவில் இன்னும் தண்ணீராகவே இருக்கும். இந்த நேரத்தைப் பிடிப்பதில்தான் சாமர்த்தியம். சீக்கிரம் எடுத்தால் சுவர் மெலிந்து நொறுங்கும். தூங்கிவிட்டால் முழு வாளியும் கல்லாகிவிடும், வாளியும் விரிசல் விடலாம். சரியான பதத்தில் வீட்டுக்குள் கொண்டுவந்து வெந்நீரில் ஒரு நிமிடம் நிறுத்திக் கவிழ்த்தால், பனிக்கட்டிக் குடம் ஒன்று வழுக்கி வெளியே வரும். மெல்லிய பக்கத்தை உடைத்து நடுத்தண்ணீரைக் கொட்டி, உள்ளே ஒரு மெழுகுவர்த்தி. கண்ணாடி விளக்கைவிட அழகாக இருக்கும். உறைந்த காற்றுக்குமிழ்கள் சுவரில் நூல் நூலாகத் தெரியும். குழந்தைகள் உள்ளே சிவப்புப் பெர்ரிகளையும் மரக்கிளைகளையும் போட்டு உறைய வைப்பார்கள். வெயில் வரும்வரை வாசலிலேயே இருக்கும், அதாவது பல வாரம்.

சவுனா என்ற வெப்பக் குளியல் அறையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. சுமார் 30 லட்சம் சவுனாக்கள் இருக்கின்றன என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. 2020-இல் யுனெஸ்கோ இதைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. மர அறை, அடுப்பின்மேல் குவித்த கற்கள், 80 டிகிரி வெப்பம். தண்ணீர் 80 டிகிரியில் இருந்தால் தோல் வெந்துவிடும்; வறண்ட காற்று என்பதால் தாங்கலாம். கல்லின்மேல் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றினால் ஆவி எழுந்து, குளிர்ந்த தோலில் படிந்து, தன் வெப்பத்தை அங்கே இறக்கிவிடும். அந்த அலைக்கு லொய்லு என்று பெயர். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்து வளர்ந்தவர்களுக்கு, இவர்களின் சவுனா நாளும் வழக்கமாகச் சனிக்கிழமைதான் என்பது கேட்க நன்றாக இருக்கும்.

சுற்றுலாப் படங்களில் ஏரிக்கரைச் சவுனாதான் வரும். ஆனால் சாதாரண மனிதரின் குளிர்காலச் சவுனா அடுக்குமாடிக் கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கிறது. கட்டடத்துக்கு ஒன்று. ஒவ்வொரு வீட்டுக்கும் வாரத்தில் ஒரு மணி நேர முறை, மாதம் ஒரு சிறு தொகை. வெள்ளி, சனி மாலை முறைகளுக்குக் கிராக்கி. யாராவது வீடு காலி செய்தால்தான் அடுத்தவருக்குக் கிடைக்கும். துண்டும் சோப்பும் எடுத்துக்கொண்டு, செருப்பும் குளியல் அங்கியுமாக லிஃப்டில் இறங்கும்போது, முந்தைய முறைக்காரர் சிவந்த முகத்தோடு ஏறி வருவார். மாதக்கணக்கில் ஒரு வார்த்தை பேசாத பக்கத்து வீட்டுக்காரர் அந்த ஒரு நிமிடத்தில் இன்று ஆவி நன்றாக இருந்தது என்று சொல்வார். அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

இதையெல்லாம் அந்த மக்களின் மனவுறுதிக்குக் கணக்கெழுதும் பழக்கம் ஒன்று உண்டு. சிசு என்ற சொல்லை வைத்துப் புத்தகங்களே விற்கிறார்கள். நமக்குச் சிசு என்றால் கைக்குழந்தை, அவர்களுக்கு விடாப்பிடி. (கைக்குழந்தையையும் தள்ளுவண்டியில் நன்றாகப் போர்த்தி, மைனஸ் குளிரில் வாசலில் தூங்க வைக்கிறார்கள், நன்றாகவே தூங்குகின்றன.) விடாப்பிடி இருக்கட்டும். எனக்கென்னவோ அதைவிட ஊராட்சிகளின் வேலைதான் கண்ணில் படுகிறது. உறைபனி நாள் வந்ததும் பள்ளி மைதானத்தில் குழாய் வைத்துத் தண்ணீர் பாய்ச்சி, அடுக்கடுக்காக உறைய வைத்து ஸ்கேட்டிங் தளம் ஆக்குகிறார்கள். காட்டுப் பாதையில் இயந்திரம் ஓட்டி ஸ்கீ என்ற பனிச்சறுக்குக்கு இரட்டைத் தடம் போட்டு, மரங்களுக்கு நடுவே விளக்குக் கம்பம் நட்டு, இரவு ஒன்பது பத்து மணி வரை எரிய விடுகிறார்கள். அந்தத் தடத்தின்மேல் காலணியோடு நடந்துவிட்டால், எதிரே வரும் சாந்தமான முதியவரிடமிருந்துகூட நாலு வார்த்தை கேட்க வேண்டியிருக்கும். பள்ளியில் 45 நிமிடப் பாடத்துக்கு 15 நிமிட இடைவேளை. கடுங்குளிர் இல்லாதவரை குழந்தைகள் வெளியேதான் போக வேண்டும். ஊரின் மாலை நேரக் கல்விக்கூடங்களில் பானை வனையலாம், கந்தல்துணியில் விரிப்பு நெய்யலாம், கோரஸ் பாடலாம். அப்படி முதல் கூடம் 1899-இல் தம்பெரேயில் தொழிலாளர்களுக்காகத் தொடங்கியது. ஹெல்சின்கியில் 2018 டிசம்பரில் திறந்த ஓதி நூலகத்தில் தையல் மெஷினே இருக்கிறது. ஸ்கேட்டும் ஸ்கீயும் இரவல் தரும் நூலகங்களும் பல ஊர்களில் உண்டு.

பிப்ரவரி நடுவுக்கு மேல் கதை மாறும். வெள்ளைக் குளிர்காலம். பள்ளிகளுக்கு ஒரு வார ஸ்கீ விடுமுறை. மலைவிடுதிகள் நெரியாமல் இருக்க நாட்டை மூன்றாகப் பிரித்து அடுத்தடுத்த வாரங்களில் விடுவார்கள். ஏரிகள் உறைந்து சாலை ஆகிவிடும். நாட்டில் சுமார் 1,88,000 ஏரிகள். அவற்றின் நடுவே, மார்ச் வெயிலில், ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்து துளையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒற்றை உருவங்கள் தெரியும். பில்க்கி, அதாவது பனித்துளை மீன்பிடிப்பு. துளையிடும் திருகு, சாண் நீளத் தூண்டில், பிளாஸ்க்கில் காபி, இவ்வளவுதான் கருவி. அனுமதிச்சீட்டு வேண்டாம், இது எல்லோருக்கும் உள்ள பொது உரிமை. கழுத்தில் இரண்டு கூரான ஆணிப்பிடிகள் தொங்கும். பனி உடைந்து விழுந்தால் அவற்றைக் குத்திப் பிடித்துத்தான் மேலேற முடியும். கறுத்துத் தெளிந்த பனிக்கட்டியை நம்பலாம், பனித்தூள் கலந்து வெளுத்ததன் வலிமை அதில் பாதிதான் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கிடைப்பது பெரும்பாலும் விரல் நீளக் கெளுத்தி அளவுக்கு ஒரு பெர்ச் மீன். பேச்சில்லாமல் மணிக்கணக்கில் முகத்தில் வெயில் வாங்க ஒரு சாக்கு என்று அவர்களே ஒத்துக்கொள்வார்கள். மூன்று மாதக் கடனை வசூல் செய்வது மாதிரி.

இந்தக் கணக்கு இப்போது பிசகத் தொடங்கியிருக்கிறது. 2019-20 குளிர்காலத்தில் ஹெல்சின்கியில் பனி ஏறக்குறைய நிற்கவே இல்லை. வெப்பநிலை கூடினால் குளிர் குறையும்தானே, நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் பனி இல்லாத தெற்கில் நவம்பரின் ஈர இருட்டு மார்ச் வரை நீள்கிறது. ஸ்கேட்டிங் தளம் சேறாகிறது, பனிவிளக்கு உறைவதில்லை, தீவுகளுக்குப் போகும் பனிச்சாலைகள் சில வருடங்களில் திறப்பதே இல்லை. வோகத்தி என்ற ஸ்கீ ஊரில் முந்தைய குளிர்காலத்துப் பனியை மரத்தூள் போர்த்திக் கோடை முழுக்கப் பாதுகாத்து, அக்டோபரில் பரப்பித் தடம் போடுகிறார்கள். நெல்லைப் பத்தாயத்தில் வைக்கிற மாதிரி பனியைச் சேமிக்கிறார்கள்.

ஏப்ரலில், வழுக்காமல் இருக்க நடைபாதையில் கொட்டிய சரளைக்கற்களை வாருவதற்கு இயந்திர வண்டிகள் வரும். தெருவெங்கும் தூசி பறக்கும், எல்லோரும் இருமுவார்கள். அடுக்குமாடிகளின் அடித்தளத்தில், சவுனாவுக்குப் பக்கத்திலேயே, சாமான் அறை ஒன்று இருக்கும். அந்த வாரம் அங்கே போனால், ஸ்கீயைச் சுவரில் சாய்த்துவிட்டு, காற்று இறங்கிய சைக்கிளை யாராவது வெளியே இழுத்துக்கொண்டிருப்பார்கள்.